கித்தேரியின் பின்னால் போன அலை

சங்குமணல்காரர்களுக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று கடற்கரை நெடுகிலும் ஒரு பேச்சு உண்டு, அதை நாங்கள் மறுப்பதில்லை, ஏனென்றால் சொந்தமாக ஓர் அலை வைத்திருந்த ஊர், அந்த அலை ஒரு பெண்ணின் புல்லட்டுக்குப் பின்னால் பழவேற்காடு வரைக்கும் போய்த் திரும்பிய ஊர், இந்தக் கரையில் வேறு எது இருக்கிறது, இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம்.

அந்த அலைக்குக் கொம்பன் என்று பெயர். மற்ற அலைகள் வரும், உடையும், கரைந்து போகும். கொம்பன் மட்டும் உடைந்த இடத்திலேயே மறுபடி எழுந்து நிற்பான். அதுவும் எங்கே, நாங்கள் வள்ளம் இறக்குகிற துறைக்கு நேர் எதிரே, வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற மாடு மாதிரி. அவனைத் தாண்டிவிட்டால் அப்புறம் கடல் தாய்தான். தாண்டுவதற்குள் அவன் எத்தனை வள்ளங்களைக் கவிழ்த்தான் என்பது எங்கள் வீடுகளின் சுவர்களில், மாலை போட்ட படங்களாக, சின்ன சிவப்பு பல்பு எரிய மாட்டியிருக்கிறது. நாங்கள் அவனைத் திட்டாத திட்டு இல்லை, ஆனால் வெளியூர்க்காரன் யாராவது "உங்க ஊர் அலை மோசம்லா" என்று சொல்லிவிட்டால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவோம்.

கித்தேரியின் புருஷன் சேசடிமையையும் கொம்பன்தான் எடுத்தான். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடலில் போனவனின் உடல் கரை சேரும் வரை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, கோயிலில் துக்க மணி அடித்து, கரையில் கறுப்புக் கொடி நட்டு, ஊரே மணலில் உட்கார்ந்துவிட வேண்டும், அந்தக் கொடியைப் பிடுங்குகிற உரிமை போனவனின் வீட்டாருக்கு மட்டும்தான். சேசடிமைக்காக அப்படித்தான் உட்கார்ந்தோம். உடல் வரவில்லை. அடுப்புகள் அணைந்தன, பிள்ளைகள் அழுதன, அப்போதும் வரவில்லை. கடைசியில் அவனைப் பெற்ற சந்தியாகம்மாதான் கரைக்கு வந்து, தன் கையாலேயே கொடியைப் பிடுங்கி, "பிள்ளைக பட்டினி கெடக்கு, போங்கய்யா தொழிலுக்கு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கித்தேரி அழுது முடித்த பிறகு மீன்கூடையைத் தலையில் தூக்கினாள். மினி பஸ்ஸில் ஒரு கண்டக்டர், நாற்றம் அடிக்கிறது என்று அவளை நடுவழியில் இறக்கிவிட்டான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, புருஷன் ஆசையாய்த் துடைத்து வைத்திருந்த புல்லட்டின் மேல் கிடந்த பழைய வலையை எடுத்து எறிந்துவிட்டு, அதைத் தேரிக்காட்டுச் செம்மணலுக்கு உருட்டிக்கொண்டு போய், விழுந்து விழுந்து, முழங்கை தோல் உரிந்து, ஓட்டப் படித்தாள். பிறகு பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு டப் டப்பென்று சந்தைக்குப் போனாள். "பொம்பளைக்குப் புல்லட்டு ஒரு கேடா?" என்று கேட்ட ஆண்கள்தான், தங்கள் வண்டி பழுதான நாட்களில், தெருமுக்கில் நின்று அவளிடம் கை காட்டினார்கள். அவளும் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி.

ஒருநாள் அவள் மாமியாரிடம் போய் நின்றாள்.

"மாமி, வண்டியில ஒரு சுத்து போயிட்டு வாரேன்."

"எது வரைக்கும்?"

"கரை முடியுற வரைக்கும். பழவேற்காடுன்னு சொல்லுதாவ."

"தனியாவா?"

"தனியாத்தான். இந்தக் கடல நான் இங்க நின்னு மட்டுந்தான் பாத்திருக்கேன் மாமி. பாக்கும்போதெல்லாம் அவுக மூஞ்சிதான் தெரியுது. மத்த ஊர்ல நின்னு பாத்தா வெறுங்கடலா தெரியுதான்னு பாக்கணும்."

சந்தியாகம்மா எழுந்து புளிச்சோறு கிளறி, கருவாடு பொரித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றாள்.

அவள் புறப்பட்ட விடியலில் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால் ஈரமணல் வழியாகத்தான் வண்டியை விட வேண்டியிருந்தது. வள்ளம் இறக்குகிற நேரத்தில் தாலி இழந்தவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். புல்லட் சத்தம் கேட்டதும் துறையில் நின்ற அத்தனை ஆண்களும் ஒரே மாதிரி கழுத்தைத் திருப்பி, தென்னைகளைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வடக்கே தேய்ந்து மறையும் வரை நின்றோம். அதனால்தான் கொம்பன் தன் இடத்தை விட்டு நகர்ந்து, கரையோரமாகவே, அவள் வண்டிக்குப் பின்னால் போனதை ஒரு கண் கூடப் பார்க்கவில்லை. ஏன் போனான் என்று கேட்காதீர்கள். காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றவன் ஒருநாள் கிளம்பிப் போவதற்குக் காரணமா கேட்பது?

திரும்பிப் பார்த்தால் கடல் தட்டையாகக் கிடந்தது. துறைக்கு எதிரே ஒன்றுமே இல்லை. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷமாக வள்ளத்தைத் தள்ளியிருக்க வேண்டும், ஆனால் ஒருவருக்கும் கை வரவில்லை. ஊர்க்கமிட்டித் தலைவர் இன்னாசி பர்னாந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, கொம்பன் நின்ற இடத்தைக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"கொம்பன் செத்துட்டாம்யா" என்றார்.

கடலில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தோம். துக்க மணி அடித்தோம், கறுப்புக் கொடி நட்டோம், மணலில் உட்கார்ந்தோம். அவன் கவிழ்த்த வள்ளத்திலிருந்து தப்பி வந்தவர்கள்தான் முதலில் கண்ணைத் துடைத்தார்கள். "என்ன இருந்தாலும் ஆம்பள அலைடா, பின்னால வந்து அடிக்கமாட்டான், மூஞ்சிக்கு மூஞ்சிதான்" என்றார் ஒருவர். மலைநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் பங்குசாமி, அலைக்கெல்லாம் பூசை வைக்கத் திருச்சபையில் இடமில்லை என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பொதுவாக ஒரு ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்னாசிக்குப் பாம்பனிலிருந்து அவருடைய சகலையின் போன் வந்தது.

"சகலை, உங்க ஊர் அலை ஒண்ணு இங்க பாலத்துக்குக் கீழ நிக்கே, தெரியுமா?"

"எங்க ஊர் அலைன்னு எப்படிச் சொல்லுதீரு?"

"உடைஞ்ச எடத்துலயே எந்திரிக்கான். அந்தத் திமிரு வேற எந்த ஊருக்கு இருக்கு? பாலத்து மேல ஒரு பொம்பள புல்லட்ட நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கா. அவ கிளம்புனா இவனும் கிளம்புதான்."

செத்தவன் பிழைத்துவிட்டால் கொடியை யார் பிடுங்குவது என்று ஒரு சின்னத் தகராறு வந்தது, ஏனென்றால் கொம்பனுக்கு வீட்டார் கிடையாது. பிறகு எல்லோரும் சேர்ந்தே பிடுங்கினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் மதியச் சாப்பாடு வரைக்கும்தான், அதற்குள் இன்னாசியின் போன் ஊர் முழுக்கக் கைமாறிக் கைமாறிச் சூடாகிவிட்டது, எங்கள் நெஞ்சு புடைக்க ஆரம்பித்துவிட்டது.

கித்தேரி அவனை முதலில் பார்த்தது வேம்பார்ப் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடி, அங்கே வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, "நீ எதுக்குடா எம் பின்னால வாரே? என்னத்த மிச்சம் வச்சிருக்கே, எடுத்துட்டுப் போக?" என்று கத்தினாளாம். கொம்பன் உடையாமல், நுரை ஒழுக, அப்படியே நின்றானாம். அவள் கல்லை எடுத்து எறிந்தாள். அதையும் வாங்கிக்கொண்டு நின்றான். கடைசியில், "வந்தா வா. உனக்காக நான் எங்கயும் நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தாள். சாலை கடலை விட்டு உள்ளே விலகும் இடங்களில் அவன் அவளுக்கு முன்பாகவே போய், சாலை மறுபடி கடலோரம் வருகிற இடத்தில் காத்துக்கொண்டிருப்பான்.

தனுஷ்கோடிக்கு இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல் என்று சொல்வது வழக்கம். எங்கள் பக்கம் இரைகிற கடல், அங்கே போனால் குளம் மாதிரி கிடக்கும். அந்தப் பெண் கடலின் கரையில், தொண்டிக்கு அருகே ஒரு சின்னக் குப்பத்தில், நண்டு வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் வாழ்நாளில் அப்படி ஓர் அலையைப் பார்த்ததில்லை. அவர்களில் பெரியவளான மைமூன் என்பவள் கித்தேரியிடம் வந்து, "ஏம்மா, இது கடிக்குமா?" என்று கேட்டாள்.

"கடிக்கும். இங்க என்னமோ கூச்சப்படுதான்" என்றாள் கித்தேரி.

உண்மைதான், கொம்பன் அங்கே முழங்கால் உயரத்துக்குக் குறுகிக்கொண்டு நின்றான். பிள்ளைகள் முதலில் காலை நனைத்தார்கள், பிறகு அவன் மேல் ஏறி விழுந்தார்கள். மைமூன் தன் மகளின் கைக்குழந்தையை ஒரு சிறிய வத்தைப் படகுக்குள் துணி விரித்துப் படுக்க வைத்து, அந்த வத்தையை அவன் மேல் தள்ளிவிட்டாள், அவன் ஆட்டினான், குழந்தை தூங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுக் குழந்தைகளும் வந்தன, மதியம் வரை அந்தக் குப்பத்தின் தொட்டில்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன, பெண்கள் இரண்டு கையும் ஓய்வாக நண்டு பிரித்தார்கள். கித்தேரி மணலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து தண்ணீருக்குள் இறங்கினாள்.

"இவ்வளவு மெதுவா ஆட்டத் தெரியுமா உனக்கு?" என்றாள். "அன்னைக்கு எங்கடா போச்சு இந்த மெதுவு?"

சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதாள். மைமூன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு அழ விட்டாள். புறப்படும்போது வண்டியின் கைப்பிடியில் ஒரு பை நண்டைத் தொங்கவிட்டு, "வருசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாம்மா, பிள்ளைங்க கேப்பாங்க" என்றாள்.

நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. அங்கே ஒரு மீனவர் பஞ்சாயத்து, வெளியூர் அலை தங்கள் எல்லைக்குள் நிற்பது சரியா என்று கூடிப் பேசிக்கொண்டிருக்க, சுனாமி வந்த அந்த டிசம்பர் காலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள் சிலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே தண்ணீரோரம் போனார்கள். இத்தனை வருஷமாக எந்த அலையும் நின்று பதில் சொன்னதில்லை, உடைந்து ஓடிவிடும், இது நிற்கிறதே. அவர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டார்கள். கொம்பன் தலையைக் குனிந்துகொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டான், தான் செய்யாததையும் சேர்த்து. முடிந்ததும் ஒரு பெண் கித்தேரியிடம் வந்து, "நெஞ்சு கொஞ்சம் லேசா இருக்கு தங்கச்சி" என்றாள். பஞ்சாயத்தார் அவனை விருந்தாளி என்று தீர்ப்புச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் சுற்றி அனுப்பிவைத்தார்கள்.

சென்னையில் ஜனங்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள். ஒரு போலீஸ்காரர் கித்தேரியை ஓரங்கட்டி, வண்டிக்கு ஆர்.சி. இருக்கிறது, பின்னால் வருகிறதே அதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். "அதுக்கு ஊர் இருக்கு சார், சங்குமணல்" என்றாளாம் அவள். இதைக் கேட்டபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வாரம் சந்தையில் எங்கள் மீனை யாரும் பேரம் பேசவில்லை, நாங்கள் பேச விடவில்லை.

இதற்கிடையில் எங்கள் துறை திறந்து கிடந்தது. வள்ளங்கள் தள்ளிய கையோடு வழுக்கிக்கொண்டு போயின, வயதாகி ஒதுங்கியவர்கள்கூட மறுபடி துடுப்பெடுத்தார்கள், பெண்கள் விடியலில் ஜெபமாலையைத் தேடாமல் நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்போதுதான் ஒருவர் மனசில் வந்தது பத்துப் பேர் வாயில் வந்து கமிட்டியில் முடிவானது. இன்னாசி கோயில் மண்டபத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் போன் போட்டார். கித்தேரி அப்போது பழவேற்காட்டில், ஏரியும் கடலும் சேருகிற இடத்தில், சாலை முடிந்துபோய் நின்றுகொண்டிருந்தாள்.

"கித்தேரி, சுகமா இருக்கியா?"

"சுகந்தான் மாமா. நாளைக்குத் திரும்புதேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன் தாயி. நீ திரும்புனா அவனும் திரும்புவாம்லா? இங்க பிள்ளைக பயமில்லாம தொழிலுக்குப் போறானுவ. நீ அப்படியே மேல போயிரேன். ஆந்திரா இருக்கு, ஒரிசா இருக்கு. கடலுக்கா பஞ்சம்?"

"இது ஊர் முடிவா மாமா?"

"ஊர் முடிவுதான்."

"சரி மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் பெருமைக்கு அதுவும் தீனியாகிவிட்டது. ஊருக்காக ஊரை விட்ட பிள்ளை என்றோம், அவள் பெயரில் ஊருக்கெல்லாம் அசனச் சோறு போட வேண்டும் என்றோம், துறைக்கு அவள் பெயரையே வைத்துவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார், அதற்கும் கை தட்டினோம். கை தட்டிக்கொண்டிருக்கும்போதே துக்க மணி அடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் சந்தியாகம்மா மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கி அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், கறுப்புக் கொடியை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்து, துறையின் நட்ட நடுவில் ஊன்றி, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்கு மதினி மணி?" என்று இன்னாசி கேட்டார்.

"எம் மருமவளுக்கு."

"அவ உசுரோடதான மதினி இருக்கா!"

"கரைக்குத் திரும்ப முடியாதவளுக்கு நம்ம ஊர்ல என்னவே பேரு? எம் மவனுக்கு என்ன பேரு வச்சீங்களோ, அதே பேருதான். அவன அலை எடுத்துது. இவள ஊர் எடுத்துது. உடம்பு கரைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தனும் வள்ளத்துல கை வைக்கக் கூடாது."

எங்களில் சட்டம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், வாயைத் திறந்தால் மூடாதவர்கள் இருக்கிறார்கள், அன்றைக்கு அத்தனை பேரும் கொடி பிடித்த அந்தக் கையைத்தான் பார்த்தோம். மகனுக்காக நட்ட கொடியை எங்கள் பிள்ளைகளின் பசிக்காகப் பிடுங்கின கை அது. கடல் பால் மாதிரி கிடந்தது, கொம்பன் இல்லை, தடுக்க ஒன்றுமே இல்லை, நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். முதல் நாள் முணுமுணுத்தோம். அப்புறம் முணுமுணுப்பு நின்றது. பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றின பெண்கள்தான் கடைசியில் இன்னாசியின் முன்னால் வந்து, போனை அவர் கையில் திணித்தார்கள்.

"தாயி" என்றார் இன்னாசி, "வந்துரும்மா. அவனையும் கூட்டிட்டே வா. அவன் வந்தா வரட்டும், நாங்க பட்டுக்கிடுதோம். நீ இல்லாத ஊர் வேண்டாம்."

"ஊர் முடிவா மாமா?"

"ஊர் முடிவுதான். ஊரே கரையில உக்காந்திருக்கு."

"உக்காந்திருங்க. வண்டிக்கு ஆயில் மாத்தணும். மாத்திட்டு வாரேன்" என்றாள். எங்கள் ஊர்ப் பெண் அல்லவா, சும்மா வருவாளா?

அவள் வந்த சாயங்காலம் எங்களுக்கு முதலில் கொம்பன்தான் தெரிந்தான், வடக்கே பாறைகளுக்கு அப்பால், வெயில் பட்டு மின்னிக்கொண்டு. பிறகு புல்லட் சத்தம். அவள் முகம் கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது, வண்டியில் எத்தனையோ ஊர்களின் மஞ்சள் துணிகளும் காய்ந்த மாலைகளும் தொங்கின. வண்டியை ஈரமணலில் நிறுத்தி இறங்கினாள். சந்தியாகம்மா எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கொடியைப் பிடுங்கினாள்.

"உடம்பு கரைக்கு வந்துட்டுய்யா" என்று ஊருக்குச் சொன்னாள். பிறகு மருமகளின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டாள்: "வெறுங்கடலா தெரிஞ்சுதா?"

"இல்ல மாமி. எல்லா ஊர்லயும் அவுகதான் தெரிஞ்சாவ." கித்தேரி கொஞ்சம் நிறுத்தினாள். "தொண்டிப் பக்கம் ஒரு கரையில மட்டும், தூங்குற மாதிரி தெரிஞ்சாவ."

சந்தியாகம்மா தலையை ஆட்டினாள். அது போதும் என்பது மாதிரி இருந்தது அந்த ஆட்டல்.

மறுநாள் விடியலில் கொம்பன் துறைக்கு எதிரே தன் பழைய இடத்தில், பழைய உயரத்தில், எங்களை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் நெற்றியில் சிலுவை போட்டு, வள்ளங்களுக்குத் தோள் கொடுத்தோம். வயிறு காலியாக இருந்தது, ஆனாலும் வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அப்போது தெற்கே புல்லட் சத்தம் கேட்டது. ஈரமணலில், வள்ளங்களுக்கு நேர் எதிரே, அவள் வந்துகொண்டிருந்தாள். பழக்கத்தில் எங்கள் கழுத்துகள் தென்னைகளின் பக்கம் திரும்பத் தொடங்கின.

"எவனும் திரும்பாதீங்கடா!" என்றார் இன்னாசி.

யாரும் திரும்பவில்லை. அத்தனை பேரும் அவளைப் பார்த்தோம். அவள் எஞ்சினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"பாறை வரைக்கும் போயிட்டு வாரேன் மாமா. அதுக்குள்ள எல்லாத்தையும் இறக்கிருங்க" என்றாள்.

அவள் வடக்கே போனாள். கொம்பன் ஒருமுறை எங்களைப் பார்த்தான், பிறகு திரும்பி, நுரையை இழுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். இந்தத் தடவை நாங்கள் அதைக் கண்ணாரப் பார்த்தோம், பார்த்துக்கொண்டே தள்ளினோம், ஒரு வள்ளம் மிச்சமில்லாமல் கடலில் இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ச் சுவர்களில் புதிதாக ஒரு சிவப்பு பல்பு எரியவில்லை. இந்தக் கரையில் எந்த ஊருக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள், எங்கள் வாய்க்கொழுப்பைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு இதையும் சொல்வார்கள்: சங்குமணல் துறையில், விடிந்தால், கித்தேரியின் முகத்தில் விழிக்காமல் ஒரு வள்ளமும் கடலில் இறங்குவதில்லை.